சுடுதண்ணீர் இறங்காத வீடு

வெள்ளிக்கிழமை காலை ஜீப்போடு வருகிறேன், தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எஸ்பெரா போனில் சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ரோசிந்தாவும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். உர்தனேத்தாவில் புதுக் கட்டில் வாங்கிப் போட்டாயிற்று, நீ அவன் துணிகளை மட்டும் மடித்து வை என்று நிதானமாகச் சொன்னாள். நிதானமாகப் பேசுகிறவளிடம் என்ன சண்டை போடுவது.

நீயும் வா என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போக முடியாது. கேரட் மலையில்தான் விளைகிறது, அதைக் கழுவும் அவள் வேலையும் மலையில்தான் இருக்கிறது. உர்தனேத்தா கீழே சமவெளியில் கொதிக்கிற ஊர். ஜனவரியிலும் அங்கே குழாயைத் திறந்தால் வெயிலில் காய்ந்த தண்ணீர்தான் வரும். இங்கே மலைமேல் பாகியோவில் ஜனவரித் தண்ணீர் பல்லில் பட்டால் பல் கூசும்.

எல்லாம் அந்தத் தண்ணீரால் வந்த வினை.

எஸ்பெராவின் தம்பி, ரோசிந்தாவின் புருஷன் மெல்கோர் திரினிதாத் காய்கறிச் சந்தையில் லாரி ஏற்றியவன். முட்டைக்கோஸ் லோடின் உச்சியில் நின்று கயிறு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, முதுகு தரையில் பட விழுந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. செத்த கால் என்று சொல்லவும் முடியாது. செத்த கால் சும்மா கிடக்கும். இந்தக் கால் பச்சைத் தண்ணீர் பட்டால் துள்ளும். அவனுக்குக் குளிர் தெரியாது, காலுக்குத் தெரியும். முழங்கால் விறைத்து, உடம்பு வில்லாக வளைந்து, உட்கார்ந்திருக்கும் நாற்காலியையே எட்டி உதைத்துவிடும்.

போன முறை எஸ்பெரா வந்திருந்தபோது அதுதான் நடந்தது. ரோசிந்தா குழாயைத் திறந்து, வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று நம்பி ஊற்றினாள். அவன் நாற்காலியோடு சாய்ந்து வாளியில் மண்டை மோத விழுந்தான். தூக்கும்போது எஸ்பெரா தம்பியின் புட்டத்தில் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டாள். படுக்கைப் புண். உள்ளங்கை அகலம். சுகாதார நிலைய நர்ஸ் தினமும் வெந்நீரில் கழுவிச் சுத்தமாக வைக்கச் சொல்லியிருந்தாள். குளிப்பாட்ட முடியாத நாட்களில் அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

அடுப்பில் வைத்துக் காய்ச்சி ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். எஸ்பெராவும் கேட்டாள். முதலில் அப்படித்தான் செய்தார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் ரோசிந்தா வாளியில் கைவிட்டு விளாவிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஊற்றினாள். அவன் பாதத்தில் தோல் உரிந்து வந்தது. அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. வயதுக்கு வரும் முன்பிருந்தே கேரட் கழுவுகிறவள் அவள். வேலை செய்து சூடேறிய கையைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் பஸ்மா பிடித்துவிடும், நரம்பு போய்விடும் என்று சந்தைப் பெண்கள் சொல்வார்கள். அப்படி ஒரு நோயே கிடையாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். நோய் இருக்கிறதோ இல்லையோ, அவள் விரல்களுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

அதன்பிறகு காய்ச்சின தண்ணீரை அவன் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் கேஸ் ஹீட்டர் வாங்கி மாட்டினார்கள். அதில் ஒரு சூட்டை வைத்துவிட்டால் அதற்கு மேல் ஏறாது. யார் கைக்கும் வேலையில்லை. வாங்கின புதிதில் சுடுதண்ணீர் ஒழுங்காகத்தான் இறங்கியது. குளிர் தொடங்கியதும் தகராறு செய்ய ஆரம்பித்தது. குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தால், நெடுநேரம் கழித்து வெதுவெதுப்பாக வரும், திரும்பப் பச்சைத் தண்ணீராகும். சில நாள் வரவே வராது.

புதன்கிழமை அவள் பிளம்பர் துலியோவைக் கூட்டி வந்தாள். பக்கத்துச் சரிவில் இருக்கிறவர். ஹீட்டரை மாட்டினவரும் அவர்தான். வரும்போதே வாயில் வெற்றிலை. இந்த மலையில் தங்கை முறைக்கு அடிங், அண்ணன் முறைக்கு மனோங், அக்காள் முறைக்கு மனாங்.

இந்தச் சரிவில் எல்லா வீடும் தலைகீழ். ரோட்டை ஒட்டி மேலே சமையலறை, அதன் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவரில் ஹீட்டர். அங்கிருந்து படி இறங்கி இறங்கிக் கீழே வந்தால் மெல்கோர் படுத்திருக்கும் அறை, அதை ஒட்டிக் குளியலறை. துலியோ பைப்பைத் தடவிக்கொண்டே மேலிருந்து கீழ்வரை இறங்கினார்.

"அடிங், உன் சுடுதண்ணி சந்தைக்குப் போற மாதிரி இவ்ளோ தூரம் நடந்து வரணும். ஜனவரியில பைப்பே பனிக்கட்டி. பாதி வழியிலயே அதுக்குக் குளிர் ஜுரம் வந்துடும்."

"அக்டோபர்ல இதே தூரந்தானே, மனோங்."

"அக்டோபர் அக்டோபர்தான். ஜனவரி ஜனவரிதான்."

அவர் குழாய் வாயைக் கழற்றிச் சல்லடையில் சேர்ந்திருந்த மணலைத் தட்டினார். ஹீட்டரின் பேட்டரியை மாற்றினார். பைப் முழுக்கப் பழைய கம்பளியைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். ரோசிந்தா தன் குளிர்க்கோட்டின் உள்துணியைக்கூடக் கிழித்துக் கொடுத்தாள். குழாயைத் திறந்து பார்த்தார்கள். மேலே ஹீட்டர் பப்பென்று பிடிப்பதும் அணைவதுமாக இருந்தது. கீழே வாளி நிறைந்தது, இன்னொரு வாளி நிறைந்தது. இந்த ஊரில் தண்ணீரை அப்படி ஓடவிட மனசு வராது. செவ்வாயும் வெள்ளியும்தான் தெருக்குழாயில் தண்ணீர். மற்ற நாளெல்லாம் தொட்டியில் இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

பைப்பையே பிடுங்கிவிட்டுச் சின்ன பைப் போட்டால் சீக்கிரம் வரும், ஆனால் இந்த வாரம் முடியாது என்றார் துலியோ. போகிற போக்கில், போன செவ்வாய்க்கிழமை உன் தொட்டி வழிந்து ரோட்டில் ஆறு ஓடியதாமே, கீழ்வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள் என்றும் சொன்னார். தொட்டிக்குள் இருக்கும் மிதவைப் பந்து சரியாக அடைக்கவில்லைபோல, அதைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டேன் என்றாள் ரோசிந்தா. அந்தப் பேச்சு அதோடு போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் அவனுக்குச் சோறும் சௌசௌக் கொழுந்து போட்ட இஞ்சிச் சாறும் ஊட்டப் போனாள். மெல்கோருக்குக் கை இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனாலும் அன்றைக்கு அவள் ஊட்டினாள், அவனும் வாயைத் திறந்தான். கட்டிலடியில் மடித்து வைத்த துணிப் பை இருந்தது.

"நான் போயிட்டு வரேன், சிந்தா. மூணு மாசம். வெயில் காலம் வந்ததும் திரும்பிடுறேன்."

"போனா விடமாட்டாங்க."

"விடலன்னா நல்லதுதானே. நீயும் தூங்குவே. கேரட்டையும் என்னையும் ஒரே தண்ணியில கழுவிக் கழுவி உனக்கும் அலுத்துப்போச்சு."

"கேரட் இவ்ளோ வாய் பேசாது."

அவன் சிரித்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். புண்ணிலிருந்து வாடை வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் ஈரத் துணியால் சுற்றித் துடைத்தாள். துணி சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்று தெரியவில்லை. அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே துடைத்தாள். முழங்கால் துடிக்கும்போது கையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வரும் நாளில் இந்தச் சரிவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். வீட்டின் பச்சைத்தண்ணீர்க் குழாய்களைத் தெருவோடு நேராகத் திறந்துவிடுவார்கள். தொட்டித் தண்ணீர் மிச்சமாகும். ஹீட்டருக்கு மட்டும் என்றைக்கும் தொட்டியிலிருந்துதான். தெருத் தண்ணீர் மண்ணும் காற்றுமாக வந்து ஹீட்டரை அடைத்துவிடும். ரோசிந்தாவும் தெரு வால்வைத் திறந்தாள். தொட்டி முக்கால் நிறைந்திருந்ததால் அதற்கு ஏறும் பைப்பை மூடியே வைத்தாள். கீழே ஓடிவந்து சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அதன் அடியில் முழங்கையை நீட்டினாள். முழங்கைக்குக் கொஞ்சம் உணர்ச்சி உண்டு. குளிர் சுரீர் என்று ஏறியது. நின்றாள். இன்னும் நின்றாள். சுரீர் என்றே இருந்தது. மேலே ஹீட்டர் பிடிக்கும் சத்தமே இல்லை.

ஜீப் ஹாரன் கேட்டது. குழாயை மூடிவிட்டு மேலே ஏறினாள்.

எஸ்பெரா கருவாடும் அரிசியும் கொண்டுவந்து சமையலறை மேசைமேல் வைத்தாள். வெறுங்கையோடு வந்து தம்பியைத் தூக்கிப்போனாள் என்று பெயர் வரக்கூடாது. காப்பி வேண்டாம் என்றாள். அவள் புருஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியை அளப்பதுபோலப் பார்த்தான். தூக்க ஆள் பற்றாது என்று துலியோவையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். மெல்கோரை மர நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் மார்பைச் சேர்த்துக் கட்டினார்கள். அவன் ரோசிந்தாவைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள், தூக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"அடிங், கைய எடு," என்றாள் எஸ்பெரா. "உன்மேல எனக்குக் கோபம் இல்ல. நீ எவ்வளவு பாடுபடுறேன்னு தெரியும். ஆனா இந்தக் குளிர்ல இவன் பிழைக்கமாட்டான்."

"இன்னும் ஒரு வாரம் குடுங்க, மனாங்."

"ஒரு வாரத்துல ஜனவரி முடியுமா?"

அவள் கையை எடுத்தாள்.

முதல் திருப்பம் ஏறினார்கள். இரண்டாவது திருப்பத்தில், முன்னால் போன துலியோவின் ரப்பர் செருப்பு வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்து சுவரில் இடித்து நின்றது. மெல்கோர் கெட்ட வார்த்தை சொன்னான். படி முழுக்கத் தண்ணீர். மேலேயிருந்து படிக்குப் படி குதித்து வந்துகொண்டிருந்தது. ரோட்டிலிருந்து கீழ்வீட்டுக்காரி கத்தினாள். தண்ணியில்லாம ஊரே சாகுது, உங்க தொட்டிக்கு மட்டும் வாந்தி வருதா என்றாள்.

நாற்காலியை அங்கேயே படியில் இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஏறவும் முடியாது, இறங்கவும் பயம். தொட்டியை மூடு என்றாள் எஸ்பெரா. முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது.

மூடித்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ரோசிந்தா ஓடினாள். ஏணியில் ஏறிக் கூரைமேல் நின்று தொட்டி மூடியைத் தள்ளினாள். தொட்டிக்கு வரும் பைப் மூடியிருந்தது. அதன் வாய் காய்ந்திருந்தது. மிதவைப் பந்து அவள் கம்பியால் கட்டியபடியே தொங்கியது. ஆனால் தொட்டி நிறைந்து விளிம்பில் வழிந்தது. மழையும் இல்லை.

அவள் சட்டையோடு தோள்வரை கையை உள்ளே விட்டாள். அடியில் இரண்டு ஓட்டைகள். ஒன்று வீட்டுப் பச்சைத்தண்ணீருக்குப் போவது, இன்றைக்கு மூடியிருப்பது. உள்ளங்கையை வைத்தாள். அசைவில்லை. இன்னொன்று ஹீட்டருக்குப் போவது. அதன்மேல் கையை வைத்தாள். கையை இழுக்கவேண்டிய தண்ணீர் கையைத் தள்ளியது. சூடு தெரியாத கைக்குத் தள்ளு தெரிந்தது. ஆயுசு முழுக்கக் கேரட் தொட்டியில் தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துத்தானே மண்ணை ஒதுக்கியிருக்கிறாள்.

தொட்டியிலிருந்து இறங்கவேண்டிய வழியில் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் ஏறி வந்துகொண்டிருக்கிறது. தெருத் தண்ணீர்தான். இவ்வளவு வேகம் வேறு எதற்கும் கிடையாது. அது ஹீட்டர் பைப்புக்குள் எங்கேயோ நுழைகிறது. சுடுதண்ணீர்ப் பைப் வீட்டில் வேறு எங்கும் போவதில்லை, குளியலறைக்கு மட்டும்தான். அங்கே சுடுதண்ணீர்க் குழாய் தனி, பச்சைத்தண்ணீர்க் குழாய் தனி. இரண்டும் ஒன்றையொன்று தொடாது.

ஒரே ஒரு இடத்தில் தொடும்.

பாதம் வெந்த பிறகு, மெல்கோரைக் கழிப்பறை நாற்காலியில் உட்காரவைத்தபடியே வெதுவெதுப்பாகக் கழுவ வேண்டும் என்று அவள்தான் அதைப் போடச் சொன்னாள். நுனியில் அமுக்கும் விசை உள்ள கைக்குழாய். ஊரில் எல்லார் கக்கூஸிலும் இருப்பதுதான், ஆனால் அதற்குப் பச்சைத் தண்ணீர் மட்டும் வரும். இவளுடையதில் இரண்டு பைப்பும் வந்து சேரும்படி துலியோ அமைத்தார். சேருமிடத்தில் இரண்டு வால்வு. ஒவ்வொரு தடவையும் குனிந்து மூடணுமா என்று அவள் கேட்டதற்கு, எதுக்கு, நுனியில் விசையை விட்டால் நின்றுவிடும், ஊரே அப்படித்தான் வைத்திருக்கிறது என்றார். அக்டோபர் கடைசி. அடுத்த வாரமே குளிர் தொடங்கியது. எல்லோரும் குளிரைத் திட்டினார்கள்.

ரோசிந்தா ஏணியிலிருந்து பாதிக்கு மேல் குதித்தாள். படியில் நாற்காலியைச் சுவரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்த மூவரையும் இடித்துக்கொண்டு இறங்கினாள். மெல்கோரின் தொங்கும் கால்மேல் படித் தண்ணீர் தெறித்து, கால் உதைக்க ஆரம்பித்திருந்தது. எஸ்பெரா அந்தக் காலை மடியில் இறுக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள், பாவாடையெல்லாம் நனைந்திருந்தது.

கைக்குழாய் அதன் கொக்கியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் யோக்கியமாகத் தொங்கியது. அதன் பின்னால் இரண்டு வால்வும் முழுக்கத் திறந்திருந்தன. நுனி மூடியிருந்தாலும் பச்சைத் தண்ணீர் இந்த வழியாகத்தான் சுடுதண்ணீர்ப் பைப்புக்குள் நுழைந்து, மற்ற நாளில் சூட்டைக் கெடுத்து, தெருத் தண்ணீர் வரும் நாளில் தொட்டிவரை ஏறியிருக்கிறது. அவள் முழங்காலிட்டு ஒன்றை மூடினாள். இன்னொன்று பாசி பிடித்து இறுகியிருந்தது, துணியைப் போட்டுத் திருகினாள்.

"மனோங்! மேல போய்ப் பாருங்க. நிக்குதா?"

நேரம் போயிற்று. கூரையில் தகரம் சத்தமிட்டது.

"நின்னுடுச்சு," என்று துலியோவின் குரல் வந்தது. பிறகு, "என்ன பண்ணினே?" என்றது.

அவள் எழுந்தாள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தாள். மேலே பப்பென்று ஹீட்டர் பிடித்தது. அணையவில்லை. தண்ணீர் விழுந்தது. கையை நீட்டினாள். கைக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. முழங்கையை நீட்டினாள். ஏணியிலும் தொட்டியிலும் சிராய்த்து விறைத்துப் போயிருந்த முழங்கையும் ஊமையாக இருந்தது. கண்ணாடியில் லேசாக ஆவி படர்வதுபோலத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் இருந்ததால் அதையும் நம்ப முடியவில்லை.

"மனாங், இங்க வாங்க. கை வைங்க."

"இவன் கால யாரு பிடிக்கிறது?"

"வாங்க, மனாங். என் கைக்குத் தெரியாது."

எஸ்பெரா புருஷனிடம் காலைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். குழாயடியில் கையை நீட்டினாள். உடனே எடுத்துவிடுவாள் என்று ரோசிந்தா நினைத்தாள். எடுக்கவில்லை. இரண்டாவது கையையும் நீட்டினாள். குளிரில் சிவந்திருந்த அந்தக் கைகள் தண்ணீரில் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன.

"இது இப்படியே வருமா?"

"தெரியல," என்றாள் ரோசிந்தா. பொய் சொல்ல அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

துலியோ வாசலில் வந்து நின்று மூடியிருந்த வால்வுகளைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். ஊருல எல்லா வீட்டுலயும் அப்படித்தான விட்டிருக்கோம் என்றார்.

"எல்லா வீட்டு கக்கூஸுக்கும் சுடுதண்ணி போறதில்ல, மனோங்."

படியிலிருந்து மெல்கோரின் குரல் கேட்டது. பல் தந்தியடித்தது. "மேலயா கீழயான்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க. கல்யாணப் பல்லக்கு மாதிரி நடுவழியில நிறுத்தி வச்சிருக்கீங்க."

எஸ்பெரா குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, முதலில் குளிக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

நாற்காலியோடு அவனை இறக்கிக் குளியலறையில் வைத்தார்கள். ஆண்கள் இருவரும் வெளியே போய்விட்டார்கள். அக்காளும் மனைவியும் சேர்ந்து துணியைக் கழற்றினார்கள். எஸ்பெரா குவளையில் பிடித்துத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து ரோசிந்தாவிடம் கொடுத்தாள். அவள் முதலில் தோளில் ஊற்றினாள். பிறகு முதுகில். தொடைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எஸ்பெரா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊத்து என்றாள்.

ஊற்றினாள். கால் லேசாக நடுங்கியது. பிறகு அடங்கியது.

புண்ணைக் கழுவியபோது எஸ்பெரா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஓரத்தில் கறுத்திருந்த இடத்தை நெடுநேரம் பார்த்தாள். புதுக் கட்டில் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவேன் என்றாள். தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துத்தான் வருவேன். அன்றைக்கும் சூடாக வந்து, இந்தக் கறுப்பு இதைவிடப் பெரிதாகாமல் இருந்தால்தான் பேச்சு. "பெருசாச்சுன்னா, அப்புறம் வால்வு, தொட்டின்னு எங்கிட்ட கதை சொல்லாதே, அடிங். நேரா ஜீப்புல ஏத்திடுவேன்."

ரோசிந்தா தலையாட்டினாள். கேட்டது ஒரு வாரம். ஒரு வாரம்தான் கிடைத்தது. பக்கத்தில் கிடந்த கம்பித் துண்டை எடுத்து, யாரும் திறந்துவிடாதபடி இரண்டு வால்வையும் சேர்த்து முறுக்கிக் கட்டினாள். திரும்ப வந்து குவளையை எடுத்தாள்.

"சூடா இருக்கா?"

"இருக்கு."

இன்னொரு குவளை.

"இப்ப?"

"இருக்கு, சிந்தா."

இன்னொன்று.

"இன்னொரு தடவ கேட்டே, நானே நடந்துபோய் ஜீப்புல ஏறிடுவேன்," என்றான் மெல்கோர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். குவளை குவளையாக ஊற்றினாள். கண் மட்டும் அவன் முழங்காலைவிட்டு நகரவில்லை.